பச்சை ரெக்சின்

மகிந்திரா ஜீப் பிக்கப்புக்குக் கம்பெனி கொடுத்த டாஷ்போர்டு வெறும் இரும்புத் தகடு. வண்டிக்கு அடித்த பெயின்டையே அதற்கும் அடித்திருப்பார்கள். நடுவில் ஸ்பீடோமீட்டர், டீசலும் சூடும் காட்டும் முட்கள், இழுத்தால் எஞ்சின் அணையும் ஸ்டாப் நாப், காலையில் கிளப்புவதற்கு முன் போட்டு வைக்க ஒரு ஹீட்டர் சுவிட்ச். அவ்வளவுதான். அமெரிக்காவின் வில்லீஸ் கம்பெனி இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வண்டியின் வாரிசு அது. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி அதன் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பிறகு இங்கேயே செய்தபோதும், பிரான்சின் பெஜோ டீசல் எஞ்சினை உள்ளே வைத்தபோதும், முகப்பைத் தகடாகவே விட்டது. சேறு பட்டால் துடைத்துவிடலாம். அடிபட்டால் ஒடுங்கும், உடையாது. பட்டாளத்துக்காரருக்கும் விவசாயிக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

போர்ட் பிளேருக்கு அது போதவில்லை. 2024இல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரில். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம். மே மாதம் தென்மேற்குப் பருவம் ஆரம்பித்தால், அது முடிகிற இடம் தெரியாமல் வடகிழக்கு வந்து சேர்ந்துகொள்ளும். மழை விட்ட நேரத்திலும் காற்றில் உப்பு இருக்கும். உப்பு படிந்த தகடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டாஷ்போர்டின் மேல் காலையில் நீர் கோத்து நிற்கும். ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிப் பெயின்ட் பெயர்ந்தால் போதும், துரு அங்கிருந்து நடக்கத் தொடங்கும். ஆகவே ஜீப்பும் பிக்கப்பும் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் குஷன் கடைக்குக் கொண்டுபோய் முகப்பை ரெக்சினால் போர்த்தினார்கள். எங்கள் அப்பாவும் போர்த்தினார். என் நினைவில் இருக்கிற டாஷ்போர்டில் கம்பெனித் தகடு தெரியாது. பச்சை ரெக்சின்தான் தெரியும்.

அமெரிக்காவில் டாஷ்போர்டுக்கு மெத்தை வைத்த காரணம் வேறு. விபத்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியும் நெஞ்சும் தகட்டில் மோதுகிறதே என்று 1956ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஃபோர்டு கம்பெனி மெத்தை வைத்த டாஷ்போர்டைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தது. 1968இலிருந்து அங்கே கார்களின் உட்புறம் மோதினால் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிக்கப் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் இன்றைக்கு அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த உறையை வாங்கி மேலே ஒட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தீவில் அச்சும் இல்லை, உறையும் இல்லை. கப்பலில் சுருளாக வந்த ரெக்சினும், அதை வெட்டத் தெரிந்த ஒரு மனிதரும் இருந்தார்கள்.

அப்பாவின் பிழைப்பு அந்தப் பிக்கப். சென்னையிலிருந்து கப்பல் ஹேடோ துறைக்கு வந்து சேர மூன்று நாள் ஆகும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, சைக்கிள் டயர், பள்ளிக்கூட நோட்டு எல்லாம் அதில்தான் வரவேண்டும். ஹேடோவில் ஏற்றி அபர்தீன் பஜார் கடைகளில் இறக்குவது அப்பாவின் அன்றாட வேலை. மேடும் பள்ளமுமான ஊர். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது அப்பா இடது கையால் கியரை மாற்றிவிட்டு, அதே கையை ஒரு நொடி டாஷ்போர்டில் வைத்து எடுப்பார். எஞ்சின் திணறுகிறதா என்பது முள்ளைப் பார்ப்பதற்கு முன்பே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும் என்பார். அவர் கை வைக்கும் இடத்தில் ரெக்சினின் சொரசொரப்பு தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது.

குஷன் மாஸ்டர் பரமக்குடிக்காரர். சின்னக் கடை; வாசலில் ஆட்டோ சீட், மோட்டார் சைக்கிள் சீட், சலூன் நாற்காலி எல்லாம் குடல் தெரியக் கிடக்கும். மழைக்காலத்தில் அவர் சீட்டு தைப்பார், தார்ப்பாய் தைப்பார், டாஷ்போர்டு வேலையை மட்டும் தொடமாட்டார். யார் கெஞ்சினாலும் ஜனவரி பிறக்கட்டும் என்று அனுப்பிவிடுவார். அதற்கான காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஒட்டுகிற சொல்யூஷனைத் தகட்டிலும் ரெக்சினின் முதுகிலும் தனித்தனியாகத் தடவி, காயவிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். சொல்யூஷனில் உள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். அதன் மேல் ஒட்டினால் அன்றைக்கு ஒட்டும், அடுத்த மாதம் உப்பிக்கொண்டு எழும்பும். மாஸ்டர் இதையெல்லாம் விளக்கமாட்டார். சொல்யூஷன் தடவிய இடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "இன்னும் வேர்க்குது" என்பார். அதற்குப் பிறகு ஒரு டீ.

நான் கூடவே இருந்து பார்த்த வேலை சுனாமிக்கு அடுத்த ஆண்டு நடந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோனது. சிப்பிகாட் பக்கம் சாலையோரத்து வயல்களில் கடல் வந்து தங்கிவிட்டது. நிக்கோபார்த் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் போர்ட் பிளேர் முகாம்களில் இருந்தன. அப்பா அரிசி மூட்டையும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு ஓயாமல் ஓடினார். ஓதம் ஏறும் நேரத்தில் சாலையில் நின்ற உப்புத் தண்ணீருக்குள் பிக்கப் இறங்கி ஏறியது. அப்போதிருந்த ரெக்சின் மெரூன் நிறம். சில மாதத்தில் அதன் கீழ் ஓரம் அப்பளமாக ஒடியத் தொடங்கியது. உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகி அம்மாவின் சேலையில் கறை வைத்தது. அதுவரை "பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட அப்பா, அந்தக் கறைக்குப் பிறகு தள்ளவில்லை.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிள், பின்னாலிருந்த வயர்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்டர் ஒரு நிறத்து நூலைக் கட்டினார். கழற்றிய மீட்டர்களைத் துணி விரித்து வரிசையாக வைத்து, அவற்றைக் காவல் காக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். மெரூன் ரெக்சினை உரித்தபோது கெட்டுப்போன மீனும் ரப்பரும் கலந்த ஒரு வாடை வந்தது. அடியிலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதுதான் வினை. முன்பு யாரோ சாதாரண மெத்தை ஸ்பாஞ்சை வைத்து ஒட்டியிருந்தார்கள். மழையீரத்தையும் உப்பையும் அது குடித்து வைத்துக்கொண்டு, இரவும் பகலும் தகட்டைத் தின்றிருந்தது. ரெக்சினின் முதுகெல்லாம் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை. ரெக்சின் மடங்குவதற்காக அதில் சேர்க்கிற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் பூஞ்சைக்கு ஆகாரம். அது தீர்ந்தால் ரெக்சின் விறைத்து வெடிக்கும்.

டிங்கர் வந்து அரித்துப்போன ஓரத்தை வெட்டி, வேறு தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காயப் போட்டார்கள். அடுத்த நாள் மாஸ்டர் ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளைத் தகட்டின் மேல் பரப்பி, மீட்டர் ஓட்டைகளை விரலால் அழுத்தி அழுத்தி அளவெடுத்தார். மெத்தைக்கு இந்த முறை ஸ்பாஞ்ச் இல்லை. செருப்புக் கடைக்காரர்கள் அடியட்டைக்கு வெட்டுகிற ரப்பர் ஷீட். தண்ணீரில் போட்டாலும் குடிக்காது.

நிறம்தான் பிரச்சினையானது. நிவாரணச் சரக்குக்கே கப்பலில் இடம் போதாத காலம். மெரூன் இல்லை, கறுப்பு இல்லை, காப்பிக்கொட்டை நிறமும் இல்லை. சலூன் நாற்காலிகளுக்காக ஒருவர் வரவழைத்து வாங்காமல் விட்டுப்போன பச்சைச் சுருள் மட்டும் இருந்தது. பாசிப் பச்சையோ ராணுவப் பச்சையோ அல்ல, கண்ணில் அடிக்கிற கிளிப்பச்சை. அப்பா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இதைப் போட்டா ஊரே சிரிக்கும்."

"வண்டிக்குள்ள உக்காந்திருக்கிறது நீங்க அண்ணாச்சி. ஊரு வெளியில நிக்குது."

"அப்ப நாலு வருஷமாவது தாங்குற மாதிரி போடுங்க."

"நான் போடுறது தாங்கும். உங்க ஊரு மழை தாங்க விடாது."

"உங்களுக்கும் இதுதானே ஊரு?"

"எனக்கு ஊரு பரமக்குடி. இங்க பொழப்பு."

அவர் அந்தமானுக்கு வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. அங்கிருந்த தமிழர்கள் பெரும்பாலோர் அப்படித்தான் பேசினார்கள். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள். ஆனால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஊர் என்பது ராமநாதபுரத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும். "மெயின்லேண்டுக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டவர்கள்.

பச்சை ரெக்சினைப் போட்ட விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் இழுத்துக்கொண்டே போனார். வளைவு வந்த இடத்தில், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினார். ரெக்சின் இளகி வளைவுக்குள் படிந்தது. மீட்டர் ஓட்டைகளை வட்டமாக வெட்டவில்லை. நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கீறல்கள் போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஓட்டைக்குள் மடித்துப் பின்னால் ஒட்டினார். மீட்டரை அழுத்தியபோது வெட்டு எங்கேயும் தெரியவில்லை. மேல் விளிம்பில் வெள்ளை பைப்பிங் கொடுத்தார். அது யாரும் கேட்காதது. கிளிப்பச்சையோடு அப்பாவைச் சமாதானம் செய்யத்தான் அதைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

கடைசியாகக் கீழ் ஓரம். அங்கே சொல்யூஷன் தடவவே இல்லை. ரெக்சினைத் தகட்டின் அடியில் மடித்து, மெல்லிய அலுமினியப் பட்டி வைத்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். ஸ்க்ரூவின் தலையில் கிரீஸ் தடவினார். ஏன் இங்கே மட்டும் ஒட்டவில்லை என்று கேட்டேன்.

"தண்ணி இறங்கணும்ல பாப்பா. அப்புறம், அடுத்து உரிக்கிறவன் என்னைத் திட்டக்கூடாது."

வேலை முடிந்த அன்றே அது உரிக்கப்படும் நாளையும் மனதில் வைத்திருந்தார் அவர். அந்த வயதில் அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு அழகாகப் போட்டதை ஏன் உரிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

பச்சை டாஷ்போர்டு சீக்கிரமே எங்கள் வீட்டின் இன்னொரு அலமாரியானது. இடது ஓரத்தில் வெற்றிமலை முருகன் படம், அதன் முன் காய்ந்த பூ. ஒரு ரப்பர் பட்டிக்குள் சரக்குச் சீட்டுகள். ஊர்க் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் அங்கே தங்கி, பிறகுதான் வீட்டுக்குள் போகும். பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலுக்குப் போகும்போது அம்மா அதன் மேல் சந்தனம் வைப்பார். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அப்பா துடைப்பார். எண்ணெய் வைத்தால் பூஞ்சை கூடத்தான் செய்யும் என்று மாஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை. அந்த வாசனையோடு டீசல் வாடையும் சேர்ந்துவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்துவிட்டதாக எனக்குத் தோன்றும்.

ரங்கத்துக்குச் சரக்கு ஏற்றினால், லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போவார். அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். போலீஸ் காவலோடு ஒன்றாகத்தான் விடுவார்கள். ஜாரவா மக்களின் காட்டுக்குள் செல்லும் சாலை அது. வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வெளியூர்க்காரர்களைச் சுமந்த டாக்சிகளில் கழுத்துகள் இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "நாம அவங்களை வேடிக்கை பாக்க வரல. முன்னாடி பாரு" என்பார். முன்னால் இருந்தது டாஷ்போர்டுதான். காடு முடிந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டில் வண்டிகளை ஏற்றும் ஃபெர்ரி வரும்வரை நான் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு போவேன். பைப்பிங்கின் தையல் எந்த இடத்தில் சற்று விலகியிருக்கிறது, எந்த ஸ்க்ரூவின் தலை தேய்ந்திருக்கிறது, வண்டி குலுங்கும்போது எந்த முள் முதலில் ஆடும் என்பதெல்லாம் அப்படி மனப்பாடமானவை. ஒரு பொருளை அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிற வாய்ப்பு எனக்குப் பிறகு அமையவில்லை.

நான் கல்லூரிக்குப் போகும் வயதில் குடும்பம் பாளையங்கோட்டைக்குத் திரும்பியது. திரும்பியது என்பது அப்பா அம்மாவுக்குப் பொருந்தும். எனக்கு அது புது ஊர். பிக்கப்பைக் கப்பலில் ஏற்றும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும் என்பதால், திக்லிபூரில் காய்கறி ஏற்ற ஒருவர் வாங்கிக்கொண்டார். முருகன் படத்தை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அப்பா அன்று முழுவதும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கௌரி கப்பல் ஹேடோவை விட்டு நகர்ந்த பிறகுதான், "ஹீட்டரை ரொம்ப நேரம் பிடிக்கக்கூடாதுன்னு அவங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

பாளையங்கோட்டையில் பூஞ்சை கிடையாது. வெயிலில் நிறுத்திய கார்களின் டாஷ்போர்டுகள் இங்கே வேறு விதமாகச் சாகின்றன. காய்ந்து, வெளுத்து, நடுவில் பிளக்கின்றன. என் காருக்குப் பிளாஸ்டிக் டாஷ்போர்டு. உடைந்தால் மொத்தத்தையும் கழற்றி வேறு வாங்கி மாட்டவேண்டியதுதான். அதில் யாருடைய கையும் படிந்ததில்லை.

சில வருடங்களுக்கு முன், பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். எங்களுடையதைப் போலவே ஒரு பிக்கப் அங்கே பாதி பிரிந்து நின்றது. அதற்கும் யாரோ ரெக்சின் போட்டிருந்தார்கள், நீலம். அதை உரித்துச் சுருட்டிக் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். "இதெல்லாம் லோக்கல் வேலைங்க மேடம். கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படியே கொண்டுவந்துடுவோம்" என்றார் பட்டறைக்காரர். தகட்டைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, பழைய நிறத்தைத் தேடிப் பிடித்து அடித்திருந்தார். அருமையான வேலை. பேரணியில் நிறுத்தினால் பரிசு வாங்கும். நான் அந்தத் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் தேடிப்போனது குப்பைப் பக்கம் கிடந்த நீலத்தில்தான் இருந்தது.

அவர் செய்வதில் தவறில்லை. வண்டி கம்பெனியை விட்டு வெளியே வந்த நாளுக்கு அதைத் திருப்பி அனுப்புவது அவர் தொழில். எங்கள் மாஸ்டர் செய்தது வேறு தொழில். அடுத்த மழையைத் தாண்டவைப்பது. அதற்கு மெரூனும் சரி, பச்சையும் சரி, கப்பலில் எது வந்ததோ அது. அதுவும் நாலைந்து வருடத்துக்குத்தான்.

திக்லிபூர்க்காரரோடு அப்பாவுக்குக் கொஞ்ச காலம் போன் தொடர்பு இருந்தது. பிறகு நம்பர் மாறிவிட்டது. வண்டி இன்னும் ஓடுகிறதா என்று அப்பா அவ்வப்போது கேட்பார், யாரைக் கேட்கிறார் என்று தெரியாது. அந்தப் பச்சை அப்படியே இருக்க வேண்டும் என்று நானும் பல காலம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஆசை இல்லை. அந்த மழையில் இத்தனை வருடமும் ஒரே ரெக்சின் கிடக்கிறது என்றால், அதன் அடியில் தகடு இல்லை என்று பொருள்; வண்டி எங்கோ கொடி படர்ந்து கிடக்கிறது என்று பொருள். பிக்கப் இன்றைக்கும் திக்லிபூர்ச் சந்தைக்கு வெண்டைக்காய் ஏற்றிப் போகிறது என்றால், பச்சையை எப்போதோ உரித்தெறிந்திருப்பார்கள், அதற்கு மேல் போட்டதையும் உரித்திருப்பார்கள். நான் ஏங்குகிற இரண்டில் ஒன்றுதான் மிஞ்ச முடியும். வண்டியே மிஞ்சட்டும். உரித்தவர் யாராக இருந்தாலும், கீழ் ஓரத்து ஸ்க்ரூக்கள் அவருக்குச் சுலபமாகக் கழன்றிருக்கும். எங்கள் மாஸ்டரைத் திட்டியிருக்கமாட்டார்.